விகாஸுக்கு எந்த நாற்காலி?

நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

ஆய்வேட்டின் எல்லா இயல்களும் முடிந்து, பின்னிணைப்புகளும் சரிபார்க்கப்பட்ட பின் நன்றியுரைப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். நெறியாளர், ஆய்வுக்குழு உறுப்பினர்கள், நூலகர்கள், கானிங் ரயிலில் எனக்கு இடம்பிடித்துக் கொடுத்த பெண்கள், வரைபடம் வரைந்து தந்த நண்பர் என முப்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, எல்லா ஆய்வேடுகளிலும் இருப்பதுபோல, 'துறை அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும்' என்றொரு வரி. அந்த ஒரு வரிதான் என்னை ஒரு வாரமாக நகரவிடாமல் வைத்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு நகைச்சுவைத் தொடர் என்று சொன்னால் நெறியாளர் சிரிப்பார். ஆனால் அதுதான் உண்மை.

2025 ஜூன் இறுதியில் 'பஞ்சாயத்' தொடரின் நான்காம் பருவம் வெளிவந்தது. பாலிகஞ்சில் நான் தங்கியிருக்கும் பழைய வீட்டின் மாடியில், இளைய ஆய்வாளர்கள் நால்வருடன் ஒரே இரவில் பார்த்து முடித்தேன். யாருக்கு எந்தப் பாத்திரம் பிடிக்கும் என்ற பேச்சு எழுந்தது. நீனா குப்தாவின் மஞ்சு தேவி, ரகுவீர் யாதவின் பிரதான், ஃபைசல் மாலிக்கின் பிரஹ்லாத் ஆகியோருக்கும் ஆள் இருந்தார்கள் என்றாலும், வாக்கு விழுந்தது சந்தன் ராய் நடித்த விகாஸுக்குத்தான். விகாஸ் அந்த ஊராட்சி அலுவலகத்தின் உதவியாளன். 'நம் துறையின் விகாஸ் யார்?' என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் ஒரே குரலில், 'தாதா!' என்றோம். சிரிப்பு அடங்கியபின் முதலாமாண்டு மாணவி ஒருத்தி, அவள் புதியவள் என்பதால், 'தாதாவின் பெயர் என்ன?' என்று கேட்டாள்.

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அத்துறைக்கு வந்து அப்போது ஏழு ஆண்டுகள்.

வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன். பேருந்து நடத்துநரும் மீன்காரரும் பக்கத்து இருக்கைக்காரரும் தாதாதான். 2018இல் இங்கு வந்த புதிதில், 'தாதாதான் எனக்கு அறைச் சாவி வாங்கிக் கொடுத்தார்' என்று தொலைபேசியில் சொன்னபோது, 'என்னடி, படிக்கிற இடத்தில் தாதாவெல்லாம் இருக்கிறானா?' என்று அம்மா பதறினாள். அந்தச் சொல்லின் இனிமை என்னைக் கவர்ந்தது. ஊழியரைப் பெயர்சொல்லி ஏவும் நம் அலுவலகங்களைவிட இது எவ்வளவு மேல் என்று நாட்குறிப்பில்கூட எழுதியிருக்கிறேன். உறவுச்சொல் ஒருவரை அருகில் கொண்டுவருகிறது என்று எண்ணியிருந்தேன். அவருடைய பெயரைக் கேட்கவேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடவும் அதே சொல்லால் முடியும் என்பது அப்போது தோன்றவில்லை.

இதில் ஒரு கேலி இருக்கிறது. என் ஆய்வுப்பொருள், விடியற்காலையில் கானிங் ரயிலில் ஏறிப் பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கி இந்த வட்டாரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கவும் சமைக்கவும் வருகிற பெண்களின் உழைப்பு. ஆய்வறம் கருதி அவர்கள் எல்லாருக்கும் மாற்றுப்பெயர் இட்டிருக்கிறேன். உண்மைப் பெயர்கள் பூட்டிய கோப்பில் இருக்கின்றன. பெயரை மறைக்கவேண்டியவர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். பெயரை அச்சிடவேண்டிய ஒருவரின் பெயர் தெரியாது.

தொடருக்கு வருகிறேன்.

'பஞ்சாயத்' முதல் பருவம் 2020 ஏப்ரல் 3 அன்று அமேசான் பிரைமில் வந்தது. நாடு முடக்கப்பட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. மார்ச்சில் ஊருக்குச் சென்றிருந்த நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அகப்பட்டுக்கொண்டேன். சந்தன் குமார் எழுதி, தீபக் குமார் மிஸ்ரா இயக்கிய எட்டுப் பகுதிகள். பொறியியல் படித்து, நல்ல வேலை கிடைக்காத அபிஷேக் திரிபாதி, மாதம் இருபதாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் புலேரா என்ற கற்பனை ஊருக்கு ஊராட்சிச் செயலராக வருகிறான். முதல் நாள் அலுவலகத்தின் சாவி வயலில் தொலைந்துபோகிறது. அதைத் தேடுவதிலேயே பொழுது கழிகிறது. அலுவலகமே அவனுக்கு வீடும்கூட. இதைத் தமிழில் 'தலைவெட்டியான் பாளையம்' என்ற பெயரில் 'மர்மதேசம்' நாகா 2024இல் இயக்கியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அலுவலக நகைச்சுவை நமக்குப் புதிதன்று. 2001இல் சப் தொலைக்காட்சியில் வந்த 'ஆபீஸ் ஆபீஸ்' தொடரில் பங்கஜ் கபூரின் முசத்தி லால் ஒவ்வொரு வாரமும் ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் நின்று அல்லாடுவார். அங்கே ஊழியர்கள் எல்லாரும் ஒரு பக்கம், மனுதாரர் மறு பக்கம். நம் சிரிப்பு மனுதாரரோடு நின்றது. 'பஞ்சாயத்' கேமராவை மேசைக்கு உள்பக்கம் நகர்த்திவிட்டது. மேலைநாட்டுத் தொடர்களில் இது வழக்கந்தான். ஆனால் 'தி ஆஃபிஸ்' தொடரில் துணைப்பாத்திரங்கள் பெரும்பாலும் ஒரே கூடத்தில், அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருக்கும் சக ஊழியர்கள். இந்திய அலுவலகத்தில் துணைப்பாத்திரம் மேசையில் அமர்ந்திருப்பதில்லை. கதவருகில் நிற்கிறது. மேசைக்கும் கதவுக்கும் நடுவே ஓர் அழைப்புமணி இருக்கிறது.

விகாஸ் ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் விடை 'வெள்ளந்தி' என்பது. நானும் 2020இல் அதைத்தான் சொன்னேன். இம்முறை பார்த்தபோது அந்தச் சொல் பொருந்தவில்லை. சந்தன் ராயின் நடிப்பைக் கவனியுங்கள். செயலர் ஒரு கேள்வி கேட்டதும் விகாஸ் உடனே பதில் சொல்வது அரிது. ஒரு சிறு இடைவெளி. விடை தெரியாததால் வரும் தயக்கமன்று அது. இந்த விடையைச் சொன்னால் பிரதானுக்கு எப்படி இருக்கும், செயலருக்கு எப்படி இருக்கும், நான் சொன்னதாக இருக்கலாமா, அவரே கண்டுபிடித்ததாக இருக்கட்டுமா என்று கணக்கிடும் இடைவெளி. ஊரில் யார் யாருடன் பேசுவதில்லை, எந்தத் தெருவில் எதைச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். புத்திசாலி என்று பெயர் வாங்காமலே ஓர் அலுவலகத்தை நடத்துவது பெரிய திறன். அதை வெள்ளந்தித்தனம் என்று நாம் படித்துக்கொள்கிறோம். ராய் பீகாரின் வைசாலி மாவட்டத்துக்காரர். நடிக்க வருவதற்கு முன் இதழாளராக இருந்தவர். அதிகாரிகளின் அறை வாசலில் காத்திருப்பவர்களின் முகங்களை அந்தத் தொழிலில் அவர் நிறையவே பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மொழியையும் கேளுங்கள். செயலர் விகாஸை 'தும்' என்கிறான். விகாஸ் செயலரை 'ஆப்' என்கிறான். இருவருக்கும் வயதில் பெரிய வேறுபாடு இல்லை. எங்கள் துறையில் தாதா எல்லாரையும் 'ஆப்னி' என்பார், நேற்றுச் சேர்ந்த மாணவரையும். அவருக்குத் திரும்ப 'ஆப்னி' சொல்பவர் சிலர், 'துமி' சொல்பவர் சிலர். நான் 'ஆப்னி' சொல்பவள். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் பகுதியில் ஒரு நாற்காலி வரும். சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. செயலர் தன் படிப்புக்காக ஆசையாய் வாங்கியது. பிரதானின் நாற்காலியைவிடச் செயலரின் நாற்காலி மேலானதாக இருக்கலாமா என்ற கேள்வி ஊரில் கிளம்புகிறது. பிறகு கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் கண் அதன்மேல் படுகிறது. அரை மணி நேரம் ஒரு நாற்காலியை வைத்து அதிகாரம், மானம், சம்பந்தி மரியாதை எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள், அருமையான எழுத்து. ஆனால் அந்தப் பகுதி முழுவதும் விகாஸுக்கு எந்த நாற்காலி என்று யாரும் கேட்பதில்லை. கதாசிரியர் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இருப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் வசீகரம் என்று இப்போது நினைக்கிறேன். அவன் நின்றுகொண்டிருப்பது நமக்கு உறுத்துவதில்லை; அவனுக்கும் உறுத்தவில்லை என்று அவன் முகம் நமக்கு உறுதி சொல்கிறது. கீழே இருப்பவர் நம்மை விரும்புகிறார் என்று நம்புவதைவிட ஆறுதலான செய்தி மேசையில் அமர்ந்திருப்பவர்க்கு வேறு இல்லை.

செயலரின் நிலை என்ன? மேலாண்மைப் படிப்புக்கான 'கேட்' தேர்வுக்கு இரவெல்லாம் படிக்கிறான். புலேரா அவனுக்குக் காத்திருப்போர் கூடம். வண்டி வந்தால் ஏறிவிடுவான். ஆய்வாளர்களாகிய நமக்கு இது நன்றாகவே புரியும். துறை, உதவித்தொகை, நூலக அட்டை எல்லாமே போகும் வழியில் உள்ளவை. அந்தக் கூடத்தில் விளக்குப் போட்டு, தண்ணீர் வைத்து, வண்டி எப்போது வரும் என்று விசாரித்துச் சொல்கிறவருக்கு அது காத்திருப்போர் கூடமன்று. அவருடைய ஆயுட்காலம் அது. விகாஸின்மேல் நமக்குள்ள அன்பில் கிளம்பப்போகிறவரின் அவசர அன்பு கொஞ்சம் கலந்திருக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கருத்துப்பெட்டியில் நண்பர்கள் சொல்வார்கள். மாலையில் பிரதானும் பிரஹ்லாதும் செயலரும் விகாஸும் சேர்ந்து உட்கார்ந்து பீர் குடிக்கும் காட்சிகள் இருக்கின்றன. அங்கே விகாஸ் நிற்பதில்லை, சமமாக அமர்கிறான், கேலி செய்கிறான், திட்டும் வாங்குகிறான். தொடரின் உயிரே அந்த நால்வர்தான். உண்மை. ஆனால் அந்த நால்வரின் குலப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: துபே, பாண்டே, திரிபாதி, சுக்லா. விகாஸ் சுக்லாவுக்கு அந்த வட்டத்தில் இடம் இருக்கிறது. வேறு குலப்பெயருள்ள ஓர் உதவியாளன் அதே பாயில், அதே தட்டில் கை வைத்திருப்பானா என்ற கேள்வியைத் தொடர் எழுப்பவே இல்லை. இதைப் பலர் முன்பே சுட்டியிருக்கிறார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: பதவியின் ஏற்றத்தாழ்வை நட்பாக மாற்றிக் காட்டும் நகைச்சுவைக்கு அடியில், மாற்றத் தேவையில்லாத ஓர் ஒற்றுமை முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. விகாஸின் இனிமையில் அதற்கும் பங்குண்டு. இதைச் சொன்னபிறகும் எனக்கு அவனைப் பிடிக்கிறது. திறனாய்வு நம் விருப்பத்தை அழித்துவிடும் என்பது உண்மையாக இருந்தால் எத்தனை வசதியாக இருந்திருக்கும்!

நான் தங்கியிருக்கும் வீட்டின் மாஷிமாவுக்கு வயது எழுபத்தெட்டு. விகாஸைப் பற்றிய எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், 'இதில் என்ன புதுமை? எங்களுக்குத் துளசி சக்ரவர்த்தி இருந்தாரே!' என்றார். 1953இல் நிர்மல் தே இயக்கிய 'ஷாடே சுவாத்தர்' படம், அன்னபூர்ணா என்ற ஆண்கள் விடுதியில் நடக்கும் கதை. உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முதலாக இணைந்தது அதில்தான். ஆனால் இன்று பார்த்தால், விடுதி உரிமையாளராக வரும் துளசி சக்ரவர்த்தியும் அவர் மனைவியாக வரும் மலினா தேவியும்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வாழ்நாள் முழுதும் கடைக்காரர், வாத்தியார், விடுதிக்காரர் என்று ஓரங்களில் நின்ற அந்த மனிதரை நடுவில் நிறுத்தி, ஒரு குமாஸ்தாவின் கதையாக சத்யஜித் ராய் 1958இல் 'பரஷ் பாதர்' எடுத்தார். கொல்கத்தா குமாஸ்தாக்களின் நகரம். 'கேரானி' என்ற சொல்லில் ஒரு பெருமூச்சே இருக்கிறது. மாஷிமா சொன்ன இன்னொன்று: 'அவர் வேடிக்கை செய்வார், நாம் அவரைப் பார்த்துச் சிரித்தோமா, அவரோடு சேர்ந்து சிரித்தோமா என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும்.'

தமிழ் படித்தவர்களுக்குத் துணைப்பாத்திரம் என்றதும் பாங்கனும் தோழியும் நினைவுக்கு வருவார்கள். களவொழுக்கத்தில் பேசும் உரிமை பெற்ற அறுவரில் அவ்விருவரையும் தொல்காப்பியம் வைக்கிறது. தோழி இல்லாமல் அகத்திணை நகராது. அங்கே யாருக்கும் பெயரில்லை. தலைவனுக்கும் இல்லை, தோழிக்கும் இல்லை. பெயரின்மை எல்லார்க்கும் பொது என்பதால் அது இழிவாகவில்லை. ஆனால் அதே இலக்கணம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குரிய தலைமக்களாகக் கொள்ளாமல் புறத்தே நிறுத்தவும் செய்தது. பணி செய்பவன் காதலிக்கலாம். அது அன்பின் ஐந்திணை ஆகாது. விகாஸின் வீட்டை நாம் நன்றாகப் பார்ப்பது மூன்றாம் பருவத்தில்தான். அவன் மனைவி குஷ்பு கருவுற்றிருக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பணத்துக்கு என்ன செய்வது என்ற கவலை அந்தச் சிரித்த முகத்தில் முதன்முறையாகப் படர்கிறது. அந்தக் காட்சிகளில்தான் அவன் துணைப்பாத்திரமாக இருப்பதை நிறுத்துகிறான். எனக்கு அவற்றைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. காரணத்தை இனிச் சொல்ல வேண்டும்.

2020 மே 20 அன்று அம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. பாலிகஞ்சின் பழைய மரங்கள் சாலைகளில் குறுக்கே கிடந்தன. எங்கள் ஆய்வறையின் சன்னல் கண்ணாடி உடைந்து இரவு முழுதும் மழை உள்ளே அடித்தது. என் களக்குறிப்பேடுகள் பதினான்கும் சன்னலை ஒட்டிய மேசையின்மேல் இருந்தன. இரண்டு ஆண்டு உழைப்பு. வேறு படி கிடையாது. மார்ச்சில் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துப் புறப்பட்டவள் நான். அன்று தஞ்சாவூரில் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். அந்த வாரம் 'பஞ்சாயத்' தொடரை அப்பாவுக்காக இரண்டாம் முறை பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நாட்குறிப்பு சொல்கிறது.

2021 தொடக்கத்தில் நான் திரும்பியபோது குறிப்பேடுகள் உயரமான அலமாரியில், எண் வரிசைப்படி, பழைய செய்தித்தாள் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஐந்து குறிப்பேடுகளின் தாள்கள் நனைந்து காய்ந்து அலையலையாய் இருந்தன. பல தாள்களின் மேல் ஓரத்தில் துணிக்கவ்வியின் தடம். யாரோ பிரித்துக் கொடியில் போட்டு உலர்த்தி, மீண்டும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எண்கள் தமிழில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது என் நல்லூழ். யார் என்று கேட்டேன். 'தாதாவாகத்தான் இருக்கும்' என்றார்கள். புறநகர் ரயில்கள் நவம்பர் வரை ஓடவில்லை. அவர் வீடு சோனார்பூரைத் தாண்டி. எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நடைவழியில் பார்த்தபோது, 'குறிப்பேடுகளை எடுத்து வைத்ததற்கு நன்றி, தாதா' என்றேன். அவர் தலையசைத்து, 'சன்னலுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது, திதி' என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே நான்காம் இயலைத் தொடங்கிவிட்டேன். அந்த இயலின் தலைப்பு 'புலப்படாத உழைப்பு.'

நான்காம் இயலில் அந்த ஐந்து குறிப்பேடுகளிலிருந்து எடுத்த மேற்கோள்கள் எத்தனை என்று சென்ற வாரம் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு.

நேற்று முன்தினம் நண்பகலில், அவர் உணவு முடித்துக் கைகழுவி வந்தபின் சென்று கேட்டேன். பெயர் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. 'நன்றியுரையில் போட வேண்டும். எழுத்துக்கூட்டல் சரியாக இருக்க வேண்டும்' என்று ஒரு பொய்யை முன்னால் வைத்தேன். அவர் அந்தப் பொய்யைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. விகாஸின் அந்தச் சிறு இடைவெளி. பிறகு, 'நல்ல பெயரா, அழைக்கும் பெயரா?' என்றார். வங்காளிகளுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஆவணங்களுக்கு, மற்றொன்று வீட்டுக்கு. நல்ல பெயர் என்றேன். 'அதைச் சம்பளப் பிரிவைத் தவிர யாரும் சொல்வதில்லை' என்று சிரித்தார்.

குறிப்பேடுகளைப் பற்றியும் கேட்டேன். புயலுக்கு மறுநாள் வர முடியவில்லை, மரங்கள். மூன்றாம் நாள் சைக்கிளில் வந்தாராம். துறையின் கணினிகளைப் பார்க்கத்தான் வந்தது, குறிப்பேடுகள் பிறகுதான் கண்ணில் பட்டன என்றார். அதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, பணிவாகவும் சொல்லவில்லை. 'மை ஓடாத பேனா வாங்கினால் நல்லது, திதி' என்று ஒரு யோசனை மட்டும் சொன்னார்.

கட்டி வரும் ஆய்வேடுகளை நூலகத்துக்குச் சுமந்து செல்வதும் அவர்தான். எந்த ஆண்டுக்குரியது எந்தத் தட்டில் என்று பார்க்காமலே சொல்வார். 'எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள்' என்றார். நீங்களும் பார்ப்பதுண்டா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வேண்டுகோள் படிவம் ஒன்றின் பின்புறத்தில் முதலில் வங்காளத்தில் எழுதினார். ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிக்கல். ஆதார் அட்டையில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் வேறு மாதிரி. எது வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மகளைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் தன் கல்லூரிப் படிவங்களில் தந்தை பெயரை எப்படி எழுதுகிறாள் என்று கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக எனக்குச் சொன்னார். அதையே போட்டிருக்கிறேன். அந்தப் பெயரை இங்கே எழுத அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கடியாஹாட்டில் உள்ள கடையில் நாளைக் காலை பத்து மணிக்குக் கட்டக் கொடுக்கிறேன்.